நூல் கட்டிய வான்விளக்குகள்

அன்று பின்னேரம் இல்-பிசார் தீவில் அந்த வயலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முசியூ கில்பேர். என்னுடைய மேலாளர். கையில் ஆப்பிள்.

தவம். என்னோடு வேலை செய்தவன். நாய்க்குப் பயம்.

பிம். தாய்லாந்துக்காரி. சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். விழா அவர் பொறுப்பு.

சொம்சாய். பிம்முடைய கணவரின் அண்ணன். கடையில் சமையல். பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது.

லூசி. குதிரை லாயத்தின் சொந்தக்காரி. வயலும் அவருடையதுதான்.

தாய்லாந்து ஆட்கள், பிள்ளைகளோடு முப்பது பேர் வரை. அவர்களை நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

லாயத்துக்குள் குதிரைகள்.

பிறகு நான். மகாலிங்கம். நெருப்புக் காவல்.

எங்கள் சங்க மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் சேவையைப் பற்றி எழுதுகிற பகுதியாம். போன வருடம் ஒரு டொக்டர் எழுதினார். அதற்கு முதல் ஒரு எஞ்சினியர். இந்த வருடம் ஆள் கிடைக்கவில்லைப் போல. என்னிடம் வந்தார்கள்.

"நான் என்ன சேவை செய்தனான்? ஒண்டும் நடக்காமல் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றேன்.

"அதைத்தான் எழுதுங்கோ அண்ணை," என்றார் செயலாளர்.

"ஒண்டும் நடக்காததை எத்தினை பக்கத்துக்கு எழுதுறது?"

"ஒரு நாலு பக்கம்."

ஒன்றும் நடக்காமல் இருபத்திரண்டு வருடம். நடந்தது ஒரு நாள். அந்த நாளை எழுதினால் நாலு பக்கம் வரும் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் வேலை செய்த கொம்பனியில் இப்போது சூடு பார்க்கிற கமரா வைக்கிறார்களாம். ஆள் நிற்கத் தேவையில்லையாம். நம்மவர்கள் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். கமரா இருக்கும்போது நாங்கள் ஏன் நிற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நில்லுங்கள் என்றேன். ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை வாசித்துக்கொள்ளட்டும்.

வேலை இதுதான். கூரைக்குத் தார் ஒட்டுகிறவன் சுவாலையை நீட்டுவான். குழாய் ஒட்டுகிறவன் பொறி பறக்க ஒட்டுவான். நாலு மணிக்குச் சாமானைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பொறி போகாது. ஏதாவது ஒரு வெடிப்புக்குள் படுத்திருந்து, எல்லோரும் போன பிறகு எழும்பும். எழும்புகிறதா என்று ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் படிப்புத் தேவையில்லை. அதனால் எனக்குத் தந்தார்கள்.

பயிற்சி இரண்டு நாள், முழுக்கப் பிரெஞ்சில். சோதனையில் படங்களைப் பார்த்துப் புள்ளடி போட்டேன். பாஸ். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் இந்த ஊரில் பிறந்தவன். பெயில். பிரெஞ்சு தெரிந்ததால் கேள்வியை வாசித்துக் குழம்பிவிட்டான்.

மிச்சத்தைக் கில்பேர் படிப்பித்தார். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சு. நான் இங்கே எழுதுவது எங்கட தமிழில். பிம்மும் லூசியும் பேசியதும் அப்படித்தான். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் மாதிரிக் கதைக்கிறார்களே என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

கில்பேர் ஒல்லி. இருக்கமாட்டார், எப்போதும் நிற்பார். ஆப்பிளைக் கொட்டையோடும் காம்போடும் தின்பார், குப்பை வராது என்று. சுவரைத் தொட்டால் புறங்கையால் தொடுவார். உள்ளங்கையால் தொட்டுச் சுட்டுவிட்டால் பிறகு கதவுப் பிடியைப் பிடிக்கக் கை இருக்காது. புறங்கை சுட்டால் பரவாயில்லை. அதை அவர் சொல்லித் தரவில்லை. நான் உள்ளங்கையை வைத்த ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தார். மூன்று மாதத்தில் பழகிவிட்டது. இப்போது வீட்டில் தோசைக்கல்லையும் அப்படித்தான் பார்க்கிறேன். மனிசி சிரிப்பாள்.

அவருக்கு வேண்டியது எண் மட்டும்.

"எல்லாம் நல்லாய் இருக்கு முசியூ."

"நல்லாய் எண்டது எத்தினை பாகை?"

"பத்தொன்பது."

"எத்தினை நிமிசம் நிண்டனீ?"

"அறுபது."

அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அவரைப் பிடித்ததற்கு அது ஒரு காரணம். நானும் பேச்சுக் குறைவு.

ஒருமுறை சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தொழிற்சாலைக் கூரை. மாசி மாதம். ஐம்பதாவது நிமிடம் இறங்கி வந்துவிட்டேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது நாற்பது நிமிடம். கீழே கில்பேர் நின்றார்.

"எத்தினை?"

"ஐம்பது."

அவர் சத்தம் போடவில்லை. ஏணியைக் காட்டினார். நான் திரும்ப ஏறினேன். பத்து நிமிடம் அல்ல, முதலில் இருந்து அறுபது. அவரும் ஏறிவந்து அந்தக் குளிரில் என் பக்கத்தில் நின்றார். அறுபது நிமிடமும் ஒன்றும் நடக்கவில்லை. கீழே இறங்கும்போது, "பாத்தியா, ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் வேலை," என்றார். பிறகு தன்னுடைய காரில் என்னை வீட்டில் விட்டார். எனக்கு அரை ஆப்பிள் தந்தார். அது மன்னிப்பா, தண்டனையா என்று இன்றைக்கும் தெரியாது.

எங்கட கோயிலிலும் காவல் நின்றிருக்கிறேன். மண்டபத்தில் திருவிழா, கற்பூரச் சட்டி. சுற்றிவர முப்பத்தைந்து அடிக்குள் எரியக்கூடியது இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஐயரிடம் சொன்னேன். "மூலவருக்கே பட்டு கட்டியிருக்கு, அவரையும் தள்ளி வைக்கிறதோ?" என்று கேட்டார். தள்ளி வைக்கவில்லை. ஈரச் சாக்கோடு அவருக்குப் பின்னால் நின்றேன். கும்பிட வந்தவர்கள் என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

இனி விளக்குகள்.

தாய்லாந்து ஆட்களுக்கு ஒரு விழா இருக்கிறது. கார்த்திகைப் பூரணைப் பக்கம் வரும். எங்களுக்கு விளக்கீடு வருகிற நேரம். இரண்டு விதமாகச் செய்வார்கள். ஒன்று, சின்னத் தெப்பம் செய்து மெழுகுதிரி ஏற்றி ஆற்றில் விடுவது. அங்கே வாழையில் செய்வார்களாம். இங்கே சொம்சாய் பாண் மாவில் சுட்டுக் கொடுப்பார், தண்ணீர் அழுக்காகாது என்று. மற்றது வான்விளக்கு. கடதாசியில் பெரிய உறை. அடியில் கம்பி வளையம், நடுவில் மெழுகுக் கட்டி. மெழுகைக் கொளுத்தினால் உள்ளே காற்றுச் சூடாகி, உறை மேலே போகும். தெப்பமோ விளக்கோ, மனதில் நினைத்த கெட்டதெல்லாம் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. விளக்கு எங்கே போகும், யாருடைய கூரையில் விழும் என்பதை நம்பிக்கை சொல்லவில்லை.

நகரசபை தெப்பத்துக்கு ஓம் என்றது. பறக்கிற விளக்குக்கு இல்லை என்றது. பிம் மூன்று முறை போய் நின்றார். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஆறு விளக்கு. கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். காற்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நெருப்புக் காவல் நிற்க வேண்டும்.

பிம் கடிதத்தோடு எங்கள் கொம்பனிக் கந்தோருக்கு வந்தார்.

"கட்டிப் பறக்க விடுறது எண்டா, பேந்து சுத்தி இறக்குறதோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் கில்பேர்.

"அப்ப கெட்டது எனக்கே திரும்பி வரும்."

கில்பேர் யோசித்தார். ஆப்பிளை ஒரு கடி கடித்தார். "மெழுகு எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் இறக்குவம். கெட்டதும் அதோட எரிஞ்சு முடிஞ்சிருக்கும்."

"உங்களுக்கு உது யார் சொன்னது?"

"யாரும் சொல்லேல்லை. ஆனால் நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியும்."

பிம் ஒத்துக்கொண்டார். எங்கட ஐயரோடு கில்பேரைப் பேச விட்டிருக்க வேண்டும்.

எப்படிக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. கில்பேருக்குத் தெரியவில்லை. தவத்துக்கும் தெரியவில்லை. எனக்கு வாய் குறைவு என்று முன்னமே எழுதினேன். அன்றைக்கு மட்டும் திறந்தேன்.

"எனக்குத் தெரியும். நாங்கள் கடற்கரையில ஆளுயரப் பட்டம் ஏத்தின ஆக்கள்."

முச்சை கட்டத் தெரியாதவன் பட்டம் ஏற்ற முடியாது. முச்சை என்பது பட்டத்தின் உடம்பில் மூன்று இடத்தில் நூல் கட்டி ஒரு முடிச்சில் சேர்ப்பது. அதில்தான் பட்டத்தின் சமநிலை இருக்கிறது. விளக்கின் கம்பி வளையத்தில் மூன்று இடத்தில் மெல்லிய கம்பியால் முச்சை கட்டினேன். நெருப்புப் பட்டாலும் எரியாது. அதற்குக் கீழே நைலோன் நூல். கொம்பனி முற்றத்தில் ஒன்றை ஏற்றிக் காட்டினேன். நேராக ஏறி நின்றது. கணக்கு எழுதுகிற பெண்பிள்ளை கைதட்டினாள். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"காற்று எத்தினை?" என்றார் கில்பேர்.

"இல்லை முசியூ. காற்றில்லை."

"அப்ப நீ ஒண்டையும் பாக்கேல்லை. காத்து வாற நாள் திரும்ப ஏத்திப் பார்."

நான் பார்க்கவில்லை. காற்று வந்தது, இரண்டு நாள் வந்தது. ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மற்ற நாள் தவம் கொத்துரொட்டி வாங்கி வைத்திருந்தான். பட்டம் ஏற்றிய எனக்குக் காற்றைப் பற்றி இவர் என்ன சொல்வது என்றும் ஒரு நினைப்பு.

விழாவுக்கு முதல் நாள் கில்பேர் கேட்டார். "காத்தில பாத்தியா?"

"ஓம்," என்றேன்.

ஒரு சொல்தான். அவர் கையெழுத்து வைத்தார்.

இனி அந்தப் பின்னேரம். ஐந்து மணி. அந்த மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டு. பனி இன்னும் விழவில்லை, எல்லாம் காய்ந்து கிடந்தது. வயலின் மேற்கே ஆறு. கரையில் ஒரு சின்ன மரத்துறை. விளக்குக்குப் பிறகு விடுவதற்காகச் சொம்சாய் தெப்பங்களைத் தட்டில் அடுக்கி அங்கே வைத்திருந்தார். கிழக்கே லாயம். லாயத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்புக் கூரை, அதற்குக் கீழே குதிரைக்குப் புல்லுக் கட்டுகள்.

நான் விதிப்படி எல்லாம் செய்தேன். முப்பத்தைந்து அடி அளந்தேன். காய்ந்த புல்லை நனைத்தேன். நெருப்பணைக்கிற சிலிண்டர்களைச் சரிபார்த்தேன். காற்றை அளந்தேன், ஒன்பது கிலோமீட்டர். நிலத்தில் ஒன்பது. மரங்களுக்கு மேலே எத்தனை என்று நான் என்னைக் கேட்கவில்லை. முப்பத்தைந்து அடியையும் நிலத்தில்தான் அளந்தேன். மேலே அளக்கவில்லை.

ஆறு விளக்கும் ஏறின. வடிவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். பிம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். தவம் சொன்னான், "அண்ணை, நீங்கள் இந்தக் கொம்பனிக்கு முதலாளியா வந்திருக்க வேணும்." உள்ளுக்குள் ஒத்துக்கொண்டேன்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

பட்டம் காற்றை எதிர்த்து நிற்கும். நூல் இழுக்க இழுக்க நிமிரும். வான்விளக்கு அப்படி இல்லை. காற்றோடு போனால்தான் அது நிமிர்ந்து போகும். அடியைப் பிடித்து வைத்தால் தலை மட்டும் காற்றோடு போகப் பார்க்கும். சரியும். சரிந்தால் உள்ளே இருக்கிற நெருப்புப் பக்கக் கடதாசியைத் தொடும். இதை ஒரு நாள் முற்றத்தில் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கும் சொல்வது இதுதான். மிச்சத்தை மறந்தாலும் பரவாயில்லை.

ஆறும் குடித்த வெறிகாரர் மாதிரி ஒரே பக்கம் சரிந்தன. முன்னுக்கு நின்றது பற்றியது. அதன் நெருப்பு அடுத்ததன் நூலில் பட்டது. நைலோன் உருகியது. நூல் அறுந்த விளக்கு, தானும் பக்கத்தில் பற்றிக்கொண்டு, பதிவாகத் தாழப் பறந்து வயலைத் தாண்டி வேலியைத் தாண்டிப் போனது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்துக்கொண்டு நிற்கிறதுதானே வேலை.

புல்லுச் சாய்ப்புக்குள் விழுந்தது.

கில்பேர் மற்ற நூல்களைச் சுற்றி இறக்கினார். ஒரு கையால் தொலைபேசியில் நெருப்பணைப்புக்காரரைக் கூப்பிட்டார். தவமும் நானும் சிலிண்டரோடு ஓடினோம். இரண்டு சிலிண்டர் முடிந்தது, நெருப்பு முடியவில்லை. பலகைச் சுவரின் இடுக்குகளால் புகை லாயத்துக்குள் போனது. உள்ளே உதைக்கிற சத்தம்.

லூசி ஓடி வந்தார். "பதினாலு குதிரை இருக்கு. திறந்து விட்டுடாதேங்கோ. வெளியால வந்திட்டுத் திரும்ப உள்ளுக்கு ஓடும். அதுகளுக்கு வீடு அதுதான். ஒவ்வொண்டாக் கையில பிடிச்சுக் கொண்டுபோய் மற்றப் பக்க அடைப்புக்குள்ள விட வேணும்."

தலைக்கயிற்றை மாட்டி மாட்டி லூசி வாசலில் தந்தார். யார் கை நீட்டினாரோ அவரிடம் குதிரை. சேலைத்துணி மாதிரிப் பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் குதிரை இழுத்தார்கள். பிம் இரண்டு இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார், "நான் சொன்னனான். கட்டினாத் திரும்பி வரும் எண்டு சொன்னனான்."

தவத்தின் கையில் ஒரு கறுப்புக் குதிரை.

"அண்ணை, உது கடிக்குமோ?"

"கடிச்சாப் பேந்து சொல்லு. இப்ப இழு."

கடைசியாக ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரை. பெயர் பிரின்செஸ். ஒரு கண் தெரியாது. கயிறு என் கைக்கு வந்தது. நான் திரும்பவும் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டும். பக்கத்தில் சொம்சாய் நின்றார். கயிற்றை அவர் கையில் வைத்தேன். அவருக்கு என் பிரெஞ்சு தெரியாது, எனக்கு அவர் பாசை தெரியாது. கையால் காட்டினேன். பிடி. தூரம் போ. விடாதே. அவர் தலையாட்டினார்.

நெருப்பணைப்புக்காரர் வந்து கெதியாக அணைத்தார்கள். சாய்ப்புப் போய்விட்டது. பின்சுவர் கறுத்துவிட்டது. லாயம் நின்றது. உள்ளே ஒரு உயிரும் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். புல்லைக் கிளறி நனைத்தார்கள். பிறகு காவல். முன்பக்கம் அவர்கள், பின்சுவர் எனக்கு.

லூசி அடைப்புக்குள் போய் எண்ணினார். திரும்ப எண்ணினார். பிரின்செஸ் இல்லை.

அடைப்புக்கு அங்காலே வீதி. இருட்டு, கார்கள் விரைவாக வருகிற நேரம். இந்தப் பக்கம் ஆறு. குதிரைக்கு ஒரு கண். லூசி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அவள் இருபத்தாறு வருசம் என்னோட," என்று மட்டும் சொன்னார்.

கில்பேர் என்னிடம் வந்தார். கையில் ஆப்பிள் இல்லை.

"காத்தில பாத்தியா?"

"இல்லை."

"ஓம் எண்டு சொன்னனீ."

"சொன்னனான்."

"அறிக்கையில எழுதுவன்."

"எழுதுங்கோ."

"குதிரை எத்தினை?"

"பதின்மூண்டு."

"நீ இதில நில். அறுபது." தவத்தையும் லூசியையும் கூட்டிக்கொண்டு வீதிப் பக்கம் காரில் போனார். பிம் ஆட்களைக் கார்களில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. சொம்சாய் மற்றக் காரில் போய்விட்டார் என்று இந்தக் காரில் நினைத்தார்கள். இந்தக் காரில் இருக்கிறார் என்று மற்றக் காரில் நினைத்தார்கள். அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

அறிக்கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல விருப்பமில்லை. கில்பேர் எழுதினார். என் பெயரையும் எழுதினார், கேட்டுவிட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைத்ததாகத் தன் பெயரையும் எழுதினார். எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வருடம் பிம் பற்றரி விளக்குகளைக் கம்பத்தில் தொங்கவிட்டார். பற்றரி விளக்கில் கெட்டது போகாது என்று ஆட்கள் முணுமுணுத்தார்களாம். போகாவிட்டாலும் பரவாயில்லை, லாயத்துக்குள் போகாது என்றாராம் பிம்.

அறுபது நிமிடம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவரின் சூட்டைப் பார்த்தேன். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, துவக்கு மாதிரி. சுட்டால் எண் வரும். பதினான்கு. பதின்மூன்று. சுவர் ஆறிக்கொண்டு வந்தது. நான் ஆறவில்லை. குதிரை வீதிக்குப் போயிருக்குமா, ஆற்றுக்குப் போயிருக்குமா என்று மனம் ஓடியது. கால் நின்றது.

நாற்பதாவது நிமிடம் போல ஞாபகம் வந்தது. கயிறு சொம்சாயின் கையில். நான் காட்டினது மூன்று. பிடி, தூரம் போ, விடாதே. நாலாவது ஒன்று இருக்கிறது. திரும்பி வா. அதை நான் காட்டவில்லை. தூரம் போ என்று நீட்டின கையும் அடைப்புப் பக்கம் அல்ல, ஆற்றுப் பக்கம்.

தவத்தின் தொலைபேசிக்கு எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். முன்பக்கம் நின்றவர்களைக் கூப்பிட்டேன், நெருப்பணைப்பு வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆறு அங்கிருந்து இருநூறு யார் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வர ஐந்து நிமிடம். யாருக்கும் தெரியவராது. நின்றேன். ஓம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டேன். இரண்டாம் தரம் அப்படிச் சொல்ல ஏலாது.

ஐம்பதாவது நிமிடம் துவக்கு முப்பத்தொன்று என்றது.

புறங்கையை வைத்தேன். சூடு. மூலையில் இரண்டு பலகைக்கு நடுவில், கையளவு இடுக்கு. கொக்கியால் இழுத்தேன். ஒரு பிடி புல்லு வந்தது, வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. பின்னால் இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் இழுத்து நனைத்தேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் குதிரைகள் படுக்கிற வைக்கோல். கமரா வைத்தவர்கள் இந்த மூலைக்கு நேராக வைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

புதிதாக ஒன்று கண்டால் கணக்குத் திரும்ப முதலில் இருந்து. அறுபது. அதுவும் விதி. அந்த நேரம் கில்பேரின் கார் வந்தது. லூசி இறங்கினார். கையில் வெறும் கயிறு.

நான் புல்லைக் காட்டினேன். முப்பத்தொன்று என்றேன். சொம்சாயைச் சொன்னேன்.

கில்பேர் துவக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"இனி நான் நிக்கிறன். நீ போ."

அவர் எனக்காகக் காவல் நின்றது அந்த ஒரு முறைதான்.

டோர்ச்சோடு ஆற்றுக்கு நடந்தேன். லூசி பின்னால் வந்தார். மரத்துறையில் ஆள் இல்லை. அதற்கு அப்பால் நாணல். நாணலுக்குள் வெளிச்சம் அடித்தேன். ஒரு கண் மினுங்கியது. ஒன்றுதான்.

சொம்சாய் முழங்கால் வரை தண்ணீரில் நின்றார். குதிரை நன்றாகக் காய்ந்த கரையில் நின்றது. நான் போகச் சொன்ன பக்கத்தில் அவர் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான், அதற்கு மேல் ஆறு. அதற்குள்ளும் ஒரு அடி போய் நின்றிருக்கிறார். கயிறு இரண்டு கையிலும். உதடு நீலம். என்னைக் கண்டதும் கயிற்றைத் தரவில்லை. விடாதே என்றுதானே சொன்னேன். நான் கையால் காட்டினேன். விடு. வா. பிறகுதான் விட்டார்.

துறையில் இருந்த தெப்பத் தட்டு இப்போது அவர்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. பூவும் மெழுகுதிரியும் மட்டும் மிச்சம். குதிரைக்கு வேறு வேலை இருக்கவில்லை. முப்பது பேருடைய கெட்டகாலத்தையும் தின்று முடித்திருந்தது.

என் ஜாக்கெட்டைச் சொம்சாய்க்குப் போட்டேன். லாயத்தடியில் பிம் நின்றார். சொம்சாயைக் கண்டதும் தங்கள் பாசையில் நீளமாக ஏசினார். நடுவில் அழுதார். பிறகு வெறும் தட்டைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் திண்டிட்டுதோ?"

"ஓம்."

"சரி விடுங்கோ. ஆத்தில விட்டாலும் மீன்தான் தின்னுறது."

கில்பேரின் அறுபது முடியும்வரை எல்லோரும் வெளியில் நின்றோம். தவம் காரிலிருந்து தேத்தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தான். கறுப்புக் குதிரை கடிக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னான். சொம்சாய் இரண்டு கோப்பை குடித்தார். கில்பேர் சுவரை மூலை மூலையாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் எங்களைப் பார்த்து, "ஒன்பது," என்றார்.

லூசி லாயக் கதவைத் திறந்தார். கழுவிய சீமெந்து மணமும் புகை மணமும் வந்தன. குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். லூசி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி அதனதன் அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். நான் வாசலில் நின்று எண்ணினேன். தமிழில்தான் எண்ணினேன், பிழை விடக்கூடாது என்று. கறுப்புக் குதிரை போனது, ஒன்பது. பிம்முடைய இரண்டும் போயின, பதினொன்று. பிறகு இரண்டு சேர்ந்து வரப் பார்த்தன, தள்ளி நிறுத்தி ஒவ்வொன்றாக விட்டேன். கடைசியாகச் சொம்சாய் ஈரக் காற்சட்டையோடு பிரின்செஸைக் கொண்டுவந்தார். தானே கொண்டுவருவேன் என்று நின்றார். அது வாசல்படியில் நின்று, தெரிகிற கண்ணால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனது.

பதினான்கு.